பழைய டீசல் பிக்கப் தொப்பூர் ஏற்றத்தில் மிஸ் அடிக்கிறது (விட்டுவிட்டு ஓடுகிறது), வெள்ளைப் புகை வருகிறது. எங்கிருந்து பார்ப்பது?

மெக்கானிக் டீசல் பம்பைக் கழற்றச் சொன்னால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். அது கடைசி வேலை.

முதலில் டீசல் ஃபில்டருக்கு அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். ஃபில்டரை மாற்றி, ஹேண்ட் பம்ப் அடித்துக் காற்றை எடுங்கள். ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தாலும் காற்று இழுக்கும். சமதளத்தில் தெரியாது, லோடு ஏறினால் திணறும்.

அப்படியும் சரியாகவில்லையா? ஐடிலில் ஓடவிட்டு, இன்ஜெக்டருக்கு (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) வரும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்துங்கள் (பெரும்பாலும் 17 ஸ்பேனர்). நல்ல சிலிண்டர் என்றால் இன்ஜின் உடனே தடுமாறும். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ, அதுதான் படுத்த (வேலை செய்யாத) சிலிண்டர். மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு மட்டுமே இந்த முறை. காமன் ரெயிலில் (மிக அதிக அழுத்தத்தில் டீசல் செலுத்தும் புதிய வகை) தொடவே கூடாது, பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பழைய வண்டியிலும் கையைத் தள்ளி வையுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள்.

படுத்த சிலிண்டரின் இன்ஜெக்டரைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள், காப்பர் வாஷர் புதிது. மிஸ்ஸும் கூடவே போனால் நாசில் (இன்ஜெக்டர் முனை) கோளாறு. தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ பம்ப் கடையில் டெஸ்டரில் போட்டு, ஸ்ப்ரேயும் சொட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மிஸ் அதே சிலிண்டரிலேயே நின்றால் டேப்பட் கேப் (வால்வு இடைவெளி) பாருங்கள், அப்புறம் கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அழுத்தம்). ஒன்றில் மட்டும் கம்ப்ரஷன் குறைவு என்றால் வால்வோ ரிங்கோ. அடுத்தடுத்த இரண்டில் குறைவு என்றால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) மேல் சந்தேகம். வெள்ளைப் புகையோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைகிறதென்றால், லோடு ஏற்றாமல் முதலில் கேஸ்கெட்டைப் பாருங்கள்.