அஞ்சு மாச பாப்பாவோட திடீர்னு மலைக்கு கெளம்பலாமா?

கேள்வி: டாக்டர், நாங்க கோயம்புத்தூர். பாப்பாவுக்கு இப்ப அஞ்சு மாசம் முடிஞ்சுது, தாய்ப்பால் மட்டும்தான். சனிக்கெழம ராத்திரி சாப்பிட்டுட்டு இருக்கறப்ப வீட்டுக்காரர் திடீர்னு "காலைல ஊட்டி போயிட்டு சாயங்காலம் வந்துரலாமா"ன்னு கேட்டாரு. எனக்கும் பிரசவத்துக்கு அப்பறம் எங்கயும் போகல, ஆசையாதான் இருக்கு. ஆனா மாமியார் "கைக்கொழந்தைய மலைக்கு கூட்டிட்டு போனா காது அடைச்சுக்கும், பனிக்காத்து நெஞ்சுல எறங்கிரும்"னு பயப்படறாங்க. போலாமா வேண்டாமா?

போலாம்ங்க. ஆனா ஊட்டி வேண்டாம், கோத்தகிரியோ குன்னூரோ போங்க. ஏன்னு சொல்றேன்.

மொதல்ல ஒசரம். ஊட்டி சுமாரா 2240 மீட்டர், குன்னூர் 1850, கோத்தகிரி 1800 கிட்ட. மலை நோய்னு சொல்றமே, அது பெரும்பாலும் 2500 மீட்டருக்கு மேல போய் தங்கறவங்களுக்குதான் வரும், அதனால மாசம் நெறஞ்சு பொறந்து நல்லா எடை ஏறிட்டு இருக்கற அஞ்சு மாச கொழந்தைக்கு இந்த மூணு ஊருமே ஒசரத்தால கெடுதல் பண்ணாது. நான் ஊட்டி வேண்டாம்னு சொல்றது ரோட்டுக்காக. ஞாயித்துக்கெழம குன்னூர் தாண்டி ஊட்டிக்குள்ள நொழையற வரைக்கும் வண்டி ஊர்ந்துட்டுதான் போகும், சீட்டுலயே கெடக்கற கொழந்தைக்கு அந்த ஒரு மணி நேரம்தான் அழுகைய கெளப்பும், அப்பறம் நீங்க பாத்தது பொட்டானிக்கல் கார்டனா பார்க்கிங்கான்னு உங்களுக்கே ஞாபகம் இருக்காது.

ஆனா சில கொழந்தைங்கள நான் அனுப்ப மாட்டேன். குறைமாசத்துல பொறந்து ஆக்சிஜன்ல இருந்தது, இதயத்துல ஓட்டை இருக்குன்னு சொன்னது, போன ரெண்டு மூணு வாரத்துல நிமோனியாவோ வீசிங்கோ வந்தது, பொறந்து ஒரு ஒன்றரை மாசம் கூட ஆகாதது, அன்னிக்கு காலைல ஒடம்பு சுடுது, பால் சரியா குடிக்கல, இதுல எது இருந்தாலும் மலைய இன்னொரு நாள் பாத்துக்கலாம்.

இப்ப உங்க மாமியார் சொன்ன காது விஷயம். அவங்க சொல்றது பாதி உண்மை. நம்ம நடுக்காதுலேந்து தொண்டைக்கு பின்னாடி ஒரு சின்ன குழாய் வரும், முழுங்கறப்ப அது தெறந்து ரெண்டு பக்கமும் காத்தழுத்தத்த சமமாக்கும், கைக்கொழந்தைக்கு அது குட்டையா படுத்தாப்ல இருக்கறதால கொஞ்சம் லேசுல அடைச்சுக்கும். ஏறறப்ப காத்து தானா வெளிய வந்துரும், எறங்கறப்பதான் உள்ள போக கஷ்டப்படும். அதனால ஏறறப்ப சிரிச்சுட்டு வந்த பாப்பா எறங்கறப்ப வீல்னு கத்துனா பயந்துராதீங்க. பால் குடிச்சு முழுங்குனா சரியாயிரும், ஆனா ஓடற வண்டில மடில எடுத்து வெச்சு குடுக்காதீங்க, பாதி எறக்கத்துல ஒதுங்க எடம் இருக்கற பக்கமா நிறுத்தி பத்து நிமிஷம் குடுங்க. தூங்கிட்டு இருந்தா எழுப்பவே வேண்டாம். பிளேன்ல அரை மணி நேரத்துல நடக்கற அழுத்த மாத்தம் இங்க ஒரு மணி நேரத்துக்கு மேல மெதுவாதான் நடக்குது, அதனால பெரும்பாலான கொழந்தைங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. மூக்கு அடைச்சிருந்தா மட்டும் வலிக்கும், கெளம்பறதுக்கு முன்னாடி உப்புத்தண்ணி சொட்டு மருந்து மூக்குல விட்டு தொடச்சு விடுங்க.

எனக்கு உண்மையிலேயே பயம் இருக்கறது காதுக்கும் பனிக்கும் இல்ல, மடிக்குதான். நம்மூர்ல முன் சீட்டுல அம்மா மடில கொழந்தைய வெச்சுட்டு போறத பாசம்னு நெனைக்கறோம். கணக்கு போட்டு பாருங்க, 40 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி எதுலயாச்சும் மோதி அரை மீட்டருக்குள்ள நின்னுதுன்னா உங்க 7 கிலோ பாப்பா அந்த நொடியில கிட்டத்தட்ட 88 கிலோ மூட்ட மாதிரி முன்னாடி இழுக்கும், எந்த அம்மா கையும் அத புடிக்காது, பத்தாததுக்கு முன்னாடி ஏர்பேக் வேற. அம்மாவையும் கொழந்தையையும் சேத்து ஒரே பெல்ட் போடறது அதவிட மோசம், அம்மா எடையே கொழந்தைய நசுக்கிரும். பேபி கார் சீட்டு, பின் சீட்டுல, பின்னாடி பாத்தாப்ல மாட்டுங்க. இல்லன்னா சொந்தக்காரங்க பிரெண்ட்ஸ்னு யார்கிட்டயாச்சும் கேட்டு வாங்குங்க, கெடைக்கலன்னா அடுத்த ஞாயிறு போங்க, மலை அங்கயேதான் இருக்கும். 14 வயசுக்கு கீழ உள்ள கொழந்தைக்கு பெல்ட்டோ சீட்டோ இல்லன்னா 1000 ரூபா அபராதம்னு 2019லயே சட்டம் வந்தாச்சு, யாரும் புடிக்கறதில்லங்கறது வேற கதை. தொடர்ந்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல சீட்டுல வெக்காம எடுத்து கொஞ்ச நேரம் கால நீட்ட விடுங்க.

வாந்தி பத்தி நெறைய பேர் கேப்பாங்க. ரெண்டு வயசுக்கு கீழ வண்டி மயக்கம் வர்றது ரொம்ப அபூர்வம், பாப்பா கக்குச்சுன்னா அது பெரும்பாலும் வயிறு முட்ட குடிச்ச ஒடனே வளைவுல ஆட்டுனதாலதான். பால் குடுத்து ஏப்பம் விட்டு அரை மணி நேரம் கழிச்சு ஏறுங்க. மலை ஏறறதுக்கு முன்னாடி பெரியவங்க போடற வாந்தி மாத்திரைய ஒடச்சு கொழந்தைக்கு குடுத்துராதீங்க, அதுல சிலது ரெண்டு வயசுக்குள்ள மூச்சையே மந்தமாக்கும். வசம்பு ஒரைச்சு ஊத்தறதும் வேண்டாம்ங்க, பாட்டிங்க கோவிச்சுக்கக் கூடாது. நான் என் பையனுக்கு ஆறு மாசமா இருக்கறப்ப வால்பாறை போனேன், அவனுக்கு மாத்த ஏழு டிரெஸ், எனக்கு ஒண்ணுமில்ல, ஒம்பதாவது கொண்டை ஊசி வளைவுகிட்ட அவன் என் மேல கக்குனதுல மீதி 31 வளைவும் வீட்டுக்காரர் ஜெர்கின்லதான் ஏறுனேன், டாக்டரா இருந்து என்ன புண்ணியம். உங்களுக்கு ஒரு செட் மறக்காதீங்க.

குளிருக்கு கணக்கு சுலபம், ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமாரா ஆறரை டிகிரி கொறையும், கோவைல 32னா கோத்தகிரில 23 இருக்கும், வீட்டு ஏசிய விட மோசமில்ல. நீங்க போட்டிருக்கறத விட ஒரு துணி மட்டும் கூட போதும். கம்பளி குல்லா, ரெண்டு ஸ்வெட்டர், மேல சால்வைன்னு சுத்தி மூடுன வண்டில வேக வெச்சுராதீங்க, மூஞ்சிய மூடவே கூடாது. அதே சமயம் மலைல குளிர்ந்து இருந்தாலும் வெயில் கீழ விட நல்லாவே சுடும், ஆறு மாசத்துக்குள்ள சன்ஸ்கிரீன் வேண்டாம், நெழலும் ஒரு பருத்தி தொப்பியும் போதும். தண்ணி, தேன், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம், அதுக்கு பதிலா நீங்க தண்ணி குடிங்க.

கெளம்பறதுக்கு முன்னாடி போன்ல இ-பாஸ் எடுத்துருங்க. 2024 மே 7லேந்து ஐகோர்ட் உத்தரவுல நீலகிரிக்கு வெளியூர் வண்டிக்கு அது வேணும், கோத்தகிரிக்கும்தான். 2025 ஏப்ரல்லேந்து ஜூன் வரைக்கும் சனி ஞாயிறுல ஒரு நாளைக்கு 8000 வண்டிதான்னு கோட்டா வெச்சாங்க, அதனால சீசன்ல திடீர் பிளான்னா மொதல்ல பாஸ், அப்பறம்தான் பாப்பா பையெல்லாம். பிளாஸ்டிக் தண்ணி பாட்டில செக்போஸ்ட்லயே வாங்கி வெச்சுக்குவாங்க, எவர்சில்வர் எடுத்துக்கங்க. அழுக்கு டயப்பர கட்டி வண்டிலயே வெச்சு வீட்டுக்கு கொண்டு வந்துருங்க, மலைல தூக்கி எறிஞ்சா கொரங்குதான் அத பிரிச்சு போடும். கொரங்குன்னதும் ஞாபகம் வருது, குன்னூர் ரோட்டுல பர்லியார் பக்கம் நிறுத்துனீங்கன்னா கண்ணாடிய ஏத்திட்டு உள்ளயே பால் குடுங்க.

காலைல ஆறரைக்கு மேட்டுப்பாளையம் தாண்டிருங்க, ஒரு எடம் மட்டும் பாருங்க, கோத்தகிரின்னா கோடநாடு காட்சிமுனையோ குன்னூர்னா சிம்ஸ் பூங்காவோ, ரெண்டும் சேத்து வேண்டாம். பொம்ம ரயில் ஆசை வந்தா விட்டுருங்க, மேட்டுப்பாளையத்துலேந்து ஊட்டிக்கு கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். மதியம் மூணு மணிக்கு எறங்க ஆரம்பிங்க, மேல மூடுபனியும் கீழ யானையும் சாயங்காலத்துலதான் ரோட்டுக்கு வரும். எறக்கத்துல ரெண்டாவது கியர், பிரேக்க மிதிச்சுட்டே வர வேண்டாம்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க.

மேல இருக்கறப்ப சும்மா இருக்கும்போதே நிமிஷத்துக்கு 50 தடவைக்கு மேல மூச்சு வாங்குனா, ஒதடு நீலமானா, ரெண்டு வேளை பாலே வேண்டாம்னா, சுத்திப் பாக்கறத அங்கயே விட்டுட்டு பக்கத்துல இருக்கற ஆஸ்பத்திரிக்கு போங்க, இல்ல 108.

மாமியாரையும் கூட்டிட்டு போங்க, பின் சீட்டுல பாப்பா பக்கத்துல ஒக்கார ஆள் வேணும். திங்கக்கெழம மூக்கு ஒழுகுச்சுன்னா பனிக்காத்துமேல பழி போடாதீங்க, சளி வைரஸ் உள்ள போய் ரெண்டு மூணு நாள் கழிச்சுதான் வெளிய தெரியும், வெள்ளிக்கெழம பாப்பாவ யார் யார் கொஞ்சுனாங்கன்னு யோசிச்சு பாருங்க.