லென்ஸா, லேப்டாப்பா?
கோட்டைக் கோயில் கல்யாண மண்டபத் தூண்களை சோனி ஏ7ஆர் 4 கேமராவில் எடுக்கிறேன், 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் படம் திருத்தும் லைட்ரூம் சாஃப்ட்வேர் திணறுகிறது, 24-70 லென்ஸ் வாங்குவதா புது கம்ப்யூட்டர் வாங்குவதா என்று கேட்டிருக்கீங்க. லென்ஸ் இப்போ வேண்டாம் சார். 61 மெகாபிக்சல், சுருக்காத ரா ஃபைல் (கேமரா பதியும் மூலப் படம்) ஒன்றே 120 எம்பி பக்கம் வரும். மெனுவில் கம்ப்ரெஸ்டு என்று மாற்றுங்க, பாதியாகும். லேப்டாப் ரேம் மதர்போர்டோடு ஒட்டியதா, மாற்ற முடியாததா என்று பாருங்க. இல்லையென்றால் 32 ஜிபி போட்டாலே போதும். ஒட்டியதென்றால்தான் புது லேப்டாப். அதுவரை லைட்ரூமில் ஸ்மார்ட் ப்ரிவ்யூ (படத்தின் சின்ன நகல்) உருவாக்கி அதிலேயே எடிட் பண்ணுங்க, நீளப்பக்கம் 2560 பிக்சல்தான். நம்மூர் கத்திரி வெயிலில் ப்ராசஸர் சூடேறித் தானே வேகத்தைக் குறைக்கும், மெத்தைமேல் வைக்காதீங்க. யாளிச் சிற்பத்துக்கு உங்க 28-70 கிட் லென்ஸே எஃப்8 அபெர்ச்சரில் (லென்ஸ் துவார அளவு) போதும். மண்டபம் இருட்டுதான், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) தைரியமா ஏத்துங்க.