ஜூரிக்குக் கூப்பிட்டால் போவதா?

கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் எழுத்தைப் பல வருடமாக வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் அக்கா கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார். ஜூரியாக, அதாவது நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்களில் ஒருவராக, இருக்கத் தகுதி உண்டா என்று கேட்டு அவருக்கு ஒரு வினாக்கொத்து தபாலில் வந்திருக்கிறது. அன்றிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை. எங்கள் அண்ணா 1990 இல் காணாமல் போனவர். குமாரபுரம் கொலை வழக்கில் ஜூரி எல்லாரையும் விட்டுவிட்டது என்ற செய்தி வந்த அன்று அக்கா போனில் அழுதது எனக்கு நினைவிருக்கிறது. "ஏழு பேர் உள்ளுக்குப் போய்க் கதைச்சுப்போட்டு வந்து விட்டுட்டினம். அந்த வேலைக்குத்தான் இப்ப என்னையும் கூப்பிடுறாங்கள்" என்கிறார். அத்தான், "இங்கிலீஷ் விளங்காது எண்டு போட்டு அனுப்பு, சம்பளமாவது மிஞ்சும்" என்கிறார். அக்கா இருபது வருடமாக அங்கே ஒரு வங்கியில் வேலை செய்கிறார்!

போய் வந்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? அக்கா போகலாமா? அப்புறம் இன்னொன்று. இலங்கையில் இப்போதும் ஜூரி இருக்கிறதா? திருகோணமலையில் என்னையும் ஒரு நாள் கூப்பிடுவார்களா? எங்கள் கந்தோரில் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

தி.
உவர்மலை, திருகோணமலை

பதில்

அன்புள்ள தி.,

அத்தானின் யோசனையை முதலில் தள்ளி வைப்போம். ஸ்காபரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் அந்த வினாக்கொத்தை முப்பது நாளுக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். தெரிந்துகொண்டே பொய் எழுதினால் குற்றம். இருபது வருடம் வங்கியில் இருந்தவருக்கு ஆங்கிலம் விளங்காது என்றால் யார் நம்புவார்கள் என்பது வேறு கதை. ஆனால் இது அழைப்பாணை அல்ல, அதனால் பதறவும் தேவையில்லை. பதினெட்டு வயதைத் தாண்டிய கனேடியப் பிரஜையா, ஆங்கிலமோ பிரெஞ்சோ பேசி வாசித்து விளங்க முடியுமா, சட்டத்தரணி, பொலிஸ் போன்ற விலக்கப்பட்ட தொழில்களில் இருக்கிறாரா என்று பார்த்து ஒரு பட்டியல் தயாரிக்கிறார்கள். பட்டியலில் பெயர் ஏறிய பிறகும் அழைப்பாணை வரலாம், வராமலும் போகலாம்.

போய் வந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டீர்கள். நம்மூரிலிருந்து போய் அங்கே குடியேறிய சிலர் எனக்குச் சொன்னதில் முக்கால்வாசி, காத்திருந்த கதைதான். நூற்றுக்கணக்கான பேரை ஒரு மண்டபத்தில் இருத்தி வைப்பார்கள். புத்தகம் கொண்டு போனவர்கள் புத்திசாலிகள். பத்து மணிக்குக் கூப்பிடுவோம் என்பார்கள், மத்தியானம் ஆகிவிடும். பிறகு ஒருவர் வந்து, எதிரி (குற்றஞ்சாட்டப்பட்டவர்) குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார், நீங்கள் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்பார். பாலையூற்றுக்காரர் ஒருவர் இதைச் சொல்லும்போது இன்னும் கோபப்படுகிறார். லீவு எடுத்து, கோட்டு வாங்கி, மனதைத் தயார்பண்ணிப் போன மனிதர். ஆனால் ஒரு இலாபம் உண்டு. அழைப்பாணைக்கு மதிப்புக் கொடுத்துப் போய் வந்தால், தெரிவாகாவிட்டாலும் மூன்று வருடத்துக்கு உங்களைத் திரும்பக் கூப்பிட மாட்டார்கள்.

பணம் என்று பார்த்தால் கனடா இந்த விஷயத்தில் கஞ்சன். ஒன்ராறியோவில் முதல் 10 நாளுக்கு ஒரு சதமும் இல்லை. 11 ஆம் நாளிலிருந்து 49 ஆம் நாள் வரை நாளுக்கு 40 டொலர், அதற்குப் பிறகு 100 டொலர். வேலை கொடுத்தவர் லீவு தரவேண்டும், அதற்காக வேலையை விட்டு நிறுத்தக்கூடாது. ஆனால் சம்பளம் கொடுக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. மணித்தியாலக் கூலிக்கு வேலை செய்கிறவருக்கு இது பெரிய இடி. அப்படிப்பட்டவர்கள் கஷ்டத்தை நீதிபதியிடம் சொல்லி விலக்குக் கேட்கிறார்கள், கேட்பதில் தவறே இல்லை. சம்பளத்தோடு லீவு கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. அக்கா தன் வங்கியில் முதலில் விசாரிக்கட்டும்.

சரி, அக்காவை நித்திரை கொள்ள விடாத விஷயத்துக்கு வருகிறேன்.

1996 பெப்ரவரி 11 ஆம் திகதி கிளிவெட்டிக்குப் பக்கத்தில் குமாரபுரத்தில் 24 பேர் கொல்லப்பட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். நம் மாவட்டத்தில் நடந்த அந்தக் கொலைகளின் வழக்கு இருபது வருடம் இழுபட்டு, அனுராதபுரம் மேல் நீதிமன்றத்துக்குப் போனது. 2016 ஜூலை 27 ஆம் திகதி, எஞ்சியிருந்த ஆறு முன்னாள் இராணுவ கோப்ரல்களையும் சிங்களம் பேசும் ஜூரி விடுவித்தது. அதே வருடம் டிசம்பர் 24, நடுச்சாமம் தாண்டி, தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் கொலை வழக்கில் கொழும்பில் இன்னொரு சிங்கள ஜூரி ஐந்து பேரையும் விடுவித்தது. அதற்கு முன் மயிலந்தனைக் கிராமத்து வழக்கு. 1992 இல் நடந்த கொலைகளுக்கு 2002 இல் கொழும்பில் ஜூரி தீர்ப்பு, அதிலும் விடுதலை. இவ்வளவையும் பார்த்தவருக்கு ஜூரி என்றதும் வயிறு எரிவது நியாயம்தான்.

ஆனால் அந்த எரிச்சல் எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதில் நான் அக்காவோடு கொஞ்சம் வேறுபடுகிறேன். நம் சட்டத்தைப் பாருங்கள். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, கொலை போன்ற பாரதூரமான குற்றங்களில் ஜூரி வேண்டுமா, நீதிபதி தனியாக விசாரித்தால் போதுமா என்று தீர்மானிக்கிறவர் எதிரி. எந்த மொழி பேசும் ஜூரி என்று தெரிவு செய்வதும் அவரே. செத்தவர்களின் குடும்பத்துக்கு இரண்டிலும் வாயில்லை. தாயைப் பறிகொடுத்தவர் தமிழில் சாட்சி சொல்வார், அது மொழிபெயர்ப்பாளரின் வாய் வழியாக ஜூரியிடம் போகும். அழுகை போகும், சொல் எவ்வளவு போகும் என்று தெரியாது. ஏழு பேரில் ஐந்து பேர் ஒத்துப்போனால் தீர்ப்பு. ஏன் அந்த முடிவுக்கு வந்தோம் என்று ஜூரி ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. குமாரபுரத்துச் சனத்துக்கு, சாட்சிகளில் யாரை நம்பவில்லை, எதை நம்பவில்லை என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. நீதிபதி தனியாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தால் காரணம் எழுதியாக வேண்டும். சரியோ பிழையோ, வாசித்துப் பார்த்துச் சண்டை பிடிக்கவாவது ஒரு தாள் இருந்திருக்கும்.

அதே 1979 இல் இன்னொரு சட்டமும் வந்தது, 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம். அதன் கீழ் குற்றஞ்சாட்டப்படுகிறவருக்கு ஜூரி கேட்கும் உரிமையே கிடையாது. மேல் நீதிமன்ற நீதிபதி ஜூரி இல்லாமல் தனியாக விசாரிப்பார். பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமும், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவராக அவர் இருந்தால், சாட்சியமாக ஏறும். அந்தச் சட்டத்தில் பிடிபட்ட பெடியன்களில் மிகப் பெரும்பாலானவர்கள் யார் என்று உங்களுக்கும் தெரியும். சீருடையில் வந்து கொன்றதாகச் சொல்லப்படுகிறவருக்கு ஜூரி என்ற வசதி இருந்தது, வெலிக்கடைச் சிறையில் வருடக்கணக்காகக் கிடந்த பெடியனுக்கு அது இருக்கவில்லை. எனக்கு அந்த ஏழு பேரிலும் பார்க்க இதில்தான் கோபம் அதிகம்.

ஜூரி இல்லாவிட்டால் நமக்கு நீதி கிடைத்திருக்கும் என்றும் நான் சொல்ல மாட்டேன். 2006 ஜனவரி 2 ஆம் திகதி நம் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் வழக்கு ஜூரி வரைக்கும் போகவேயில்லை. 2019 ஜூலை 3 ஆம் திகதி, நம்மூர் நீதவான் நீதிமன்றத்திலேயே, சாட்சியம் போதாது என்று 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். முக்கிய சாட்சிகள் உயிருக்குப் பயந்து நாட்டை விட்டே போயிருந்தார்கள்.

இப்போது கனடா. அங்கே எல்லாம் பால் போல வெள்ளை என்று நினைக்க வேண்டாம். குமாரபுரம் தீர்ப்பு வந்த அடுத்த மாதம், 2016 ஆகஸ்டில், சஸ்கச்சுவான் மாகாணத்தில் கோல்டன் பூஷி என்ற 22 வயதுப் பழங்குடி இளைஞர் ஒரு பண்ணையில் சுடப்பட்டு இறந்தார். 2018 பெப்ரவரியில் பண்ணைக்காரரை ஜூரி விடுவித்தது. ஜூரித் தெரிவின்போது பழங்குடியினராகத் தோன்றிய ஆட்களை எதிரி தரப்பு காரணம் சொல்லாமலே விலக்கியது என்று அந்த நாடே கொதித்தது. 2019 செப்டெம்பரிலிருந்து, காரணம் சொல்லாமல் ஜூரிகளை விலக்கும் உரிமையைக் கனடா எடுத்துவிட்டது. அதற்கும் முன்பு, 1993 இல், ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கறுப்பின எதிரியின் வழக்கில், எதிரியின் நிறம் உங்கள் தீர்ப்பைப் பாதிக்குமா என்று ஜூரிக்கு வருகிறவரிடம் கேட்க அனுமதிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கேட்டால் எல்லாரும் உண்மையைச் சொல்லிவிடுவார்களா? மாட்டார்கள். ஆனாலும் அந்தக் கேள்வியைச் சபையில், எதிரியின் முகத்துக்கு நேரே, சத்தமாகக் கேட்கிறார்கள். கேள்வி காதில் விழுந்ததும் மனது திடுக்கிட்டது என்று அங்கே போய் வந்த ஒரு பெண் சொன்னார்.

கனடாவில் குற்ற வழக்கு ஜூரியில் 12 பேர், தீர்ப்பு ஏகமனதாக இருக்க வேண்டும். பதினொரு பேர் ஒரு பக்கம் நின்றாலும் உங்கள் அக்கா தலையாட்டாவிட்டால் தீர்ப்பு இல்லை. வீட்டில் வாய் திறக்காத சுபாவக்காரரும் அங்கே திறக்கத்தான் வேண்டும். நம் வழக்குகளை விசாரித்த ஜூரிகளில் நம் பாஷை தெரிந்த ஒருவராவது இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியவர்கள் நாம். வேறு யாரோ ஒரு தாய் அப்படி ஏங்கிக்கொண்டிருக்கும்போது, கூப்பிட்ட இடத்துக்குப் போகாமல் ஒளிக்க நமக்கு என்ன நியாயம் இருக்கிறது? அக்கா போகவேண்டும் என்பதுதான் என் அபிப்பிராயம்.

ஆனால் குமாரபுரத்துக் கணக்கைத் தீர்க்கப் போகக்கூடாது. முன்னால் நிற்பவன் களவெடுத்த பெடியனாக இருக்கலாம், குடித்துவிட்டுக் கார் ஓட்டிய கிழவனாக இருக்கலாம், நம் தமிழ்ப் பிள்ளையாகவே இருக்கலாம். அந்த அறையில் வைத்த சாட்சியம் மட்டும்தான் கணக்கு. அண்ணாவின் முகம் நடுவில் வந்து நிற்கும், சடலங்களின் படம் காட்டும் வழக்கென்றால் தாங்க முடியாது என்று அக்காவுக்குத் தோன்றினால், அதைத் தெரிவின்போது நீதிபதியிடம் நேரே சொல்லலாம். இரகசியமாகச் சொல்ல வேண்டும் என்றும் கேட்கலாம். அது தப்பி ஓடுவதல்ல, நேர்மை.

இன்னொன்றும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜூரி அறைக்குள் நடந்த விவாதத்தை வெளியே சொல்வது கனடாவில் குற்றம், வழக்கு முடிந்த பிறகும்தான். கட்டிய கணவனுக்கும் சொல்லக்கூடாது, தங்கச்சிக்கும் சொல்லக்கூடாது. மனநல வைத்தியரிடம்கூடச் சொல்ல முடியாமல் பலர் நொந்துபோயிருந்தார்கள். 2022 இல்தான் சட்டத்தைத் திருத்தி, சிகிச்சைக்காகச் சொல்லலாம் என்று வழி விட்டார்கள். ஆகவே உள்ளே யார் என்ன கதைத்தார்கள் என்று நீங்கள் வாட்சப்பில் துருவித் துருவிக் கேட்கக்கூடாது. உங்களைத் தெரியாது, ஆனால் நம் ஊரைத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

உங்கள் கடைசிக் கேள்வி. இலங்கையில் ஜூரி இன்னும் சட்டத்தில் இருக்கிறது. 1811 இல் பிரித்தானியர் கொண்டுவந்தது. ஆரம்பத்தில் ஜூரிப் பட்டியலைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருந்தார்கள், பிறகு அது சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மொழிவாரியானது. உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கிரிக்கெட் வீரர் சதாசிவத்தின் வழக்கைக் கேட்டுப் பாருங்கள். மனைவியைக் கொன்றதாக அவர் மேல் நடந்த விசாரணையை நாடு முழுக்கப் பத்திரிகையில் தொடர்ந்து வாசித்தது. 1953 இல் ஜூரி அவரைக் குற்றவாளி இல்லை என்று விட்டது. இப்போது பெரும்பாலான எதிரிகள் நீதிபதி போதும் என்றே சொல்லிவிடுவதால் ஜூரி கூடுவது அபூர்வம். உங்களைக் கூப்பிட வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல மாட்டேன். கூப்பிட்டால் கந்தோரில் லீவு போட்டுவிட்டுப் போங்கள்.

இதை அக்காவுக்கு அனுப்பும்போது சம்பளம் பற்றி எழுதிய பந்தியை அத்தானுக்குத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். வங்கி சம்பளத்தோடு லீவு கொடுக்கும் என்று தெரிந்தால் அவருக்கும் திடீரென்று ஜூரியில் பக்தி வந்துவிடக்கூடும்.

அன்புடன்