வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே பிரெயில் டிஸ்ப்ளே: எத்தனை செல் வேண்டும்?

அலுவலகத்தில் மடிக்கணினியில் மின்னஞ்சலும் எக்செலும், வீட்டில் கைபேசியில் நூல் வாசிப்பும் என இரண்டுக்கும் ஒரே பிரெயில் டிஸ்ப்ளேதான் வாங்க முடியும், 20, 40, 80 செல்களில் எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். திரையில் உள்ள எழுத்தை விரலால் தடவிப் படிக்கும்படி புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் கருவிதான் பிரெயில் டிஸ்ப்ளே; ஒரு பிரெயில் குறி எழும் இடம் ஒரு செல். உங்கள் தேவைக்கு 40 என்பதே என் பதில். ஆயினும் செல் எண்ணிக்கைக்கு முன்னால், ஒரு நாளில் உங்கள் கைகள் வாசிக்கும் வரியை விட்டு எத்தனை முறை எழுந்து போக நேர்கிறது என்பதைக் கணக்கில் எடுக்கச் சொல்வேன். இதை நான் பொருந்தாத அளவில் இரண்டு கருவிகளை வாங்கிய பிறகே உணர்ந்தேன்.

முதலில் வாங்கியது 80 செல். அறிக்கைகளைப் படித்துத் திருத்துவது என் வேலை. ஒரு வரி முழுவதும் ஒரே தடவையில் விரலுக்குக் கீழே வந்துவிட்டால் போதும் என்று எண்ணினேன். நீண்ட பத்திகளில் அது சுகமாகவே இருந்தது. ஆனால் அலுவலக நாளின் பெரும்பகுதி நீண்ட பத்திகளில் கழிவதில்லை. மெனு, அஞ்சலின் பொருள் வரி, எக்செலின் ஒரு கட்டம் போன்றவை பத்து இருபது செல்களுக்குள் முடிந்துவிடும். மீதி அறுபதும் புள்ளி எழாமல் கிடக்கும். மடிக்கணினியைவிட அகலமான அந்தக் கருவி பையில் அடங்காததால், கூட்டங்களுக்கு வெறுங்கையுடன் போய்க் காதை மட்டும் நம்பியிருந்தேன். நிரல் எழுதுபவர்களுக்கும், அகன்ற அட்டவணைகளை நாள் முழுவதும் ஒரே மேசையில் பார்ப்பவர்களுக்கும் 80 செல் பொருந்தும். விலையும் ஏறத்தாழ செல் எண்ணிக்கையோடு சேர்ந்தே ஏறும். வழக்கமான கருவிகளில் ஒவ்வொரு செல்லின் எட்டுப் புள்ளிகளுக்கும் (எழுத்துக்கு ஆறு, கர்சர் போன்றவற்றைக் காட்ட இரண்டு) தனித்தனியே ஒரு பீங்கான் பட்டை இருக்கிறது. சுமார் 200 வோல்ட் மின்னழுத்தத்தில் அது வளைந்து புள்ளியை மேலே தள்ளுகிறது. 80 செல் என்றால் அத்தகைய பட்டைகள் 640.

பட்ட அனுபவத்தில் எதிர்ப்பக்கம் போய், அடுத்ததாகச் சட்டைப் பையில் அடங்கும் 14 செல் கருவி ஒன்றை வாங்கினேன். குறுஞ்செய்திக்கும் ஆங்கில நூல்களுக்கும் அது பழுதில்லை. ஆங்கிலத்தில் கிரேடு 2 என்னும் பிரெயில் சுருக்கெழுத்து முறை இருப்பதால் சிறிய வரியிலும் ஓரளவு செய்தி அடங்குகிறது. தமிழில் கதை வேறு. தமிழ் பிரெயிலில் உயிர்மெய்யின் உயிர்க்குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனிச் செல்லைப் பிடித்துக்கொள்கின்றன. "கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்" என்பது அச்சில் 14 எழுத்து. விரலில் 27 செல். அந்த ஒரு வினைச்சொல்லைப் படிக்க 14 செல் கருவியிலும் 20 செல் கருவியிலும் ஒரு முறையாவது வரியை நகர்த்த வேண்டும். சொல்லை உடைக்காமல் காட்டும்படி திரை வாசிப்பானில் (திரையில் உள்ளதைப் பேச்சாகவும் பிரெயிலாகவும் தரும் மென்பொருளில்) அமைத்தால் இன்னும் மோசம்: அடுத்த சொல் இடம் போதாமல் தள்ளிப்போக, வரியின் பாதி காலியாகவே நிற்கும். ஆகவே நீங்கள் தமிழில் நிறைய வாசிப்பவர் என்றால், ஆங்கிலத்தில் வாசிப்பவர்கள் 20 செல் போதும் என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி கைகளைப் பற்றி. 40 செல் கருவிகளுக்குள்ளேயே இரண்டு வகை உண்டு. ஃபோகஸ் 40, பிரெய்லியன்ட் பிஐ 40எக்ஸ் போன்றவற்றில் புள்ளிக்கு ஒரு விசை என, பெர்கின்ஸ் பிரெயில் தட்டச்சுப்பொறியின் பாணியில் பிரெயில் விசைகள் இருக்கும். மான்டிஸ் க்யூ40 கருவியில் சாதாரணக் கணினி விசைப்பலகையே முழுமையாக இருக்கும், அதற்குக் கீழே வாசிக்கும் வரி. கைபேசியை மடியிலோ பையிலோ வைத்துவிட்டுக் கருவியை மட்டும் கையில் கொண்டு வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் முதல் வகை வசதியானது. நாள் முழுவதும் தட்டச்சு செய்பவர் மடிக்கணினிக்கு முன்னால் அதே கருவியை வைத்தால், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் விரல்கள் மேலே போய் எழுதிவிட்டுக் கீழே இறங்கி வாசிக்க வேண்டும். ஒரு வாரத்தில் அது தோளில் தெரியும். அவருக்கு இரண்டாம் வகையே மேல். உங்கள் நாளில் எழுதுவது மிகுதியா, வாசிப்பது மிகுதியா என்பதை நேர்மையாகக் கணக்கிட்டுப் பாருங்கள். நான் வாசிப்பவன், எனவே பிரெயில் விசைகள் உள்ளதையே இப்போது வைத்திருக்கிறேன்.

வரியை நகர்த்தும் விசைகள் எங்கே இருக்கின்றன என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவை முன்விளிம்பில் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தால் வாசிக்கும் விரல் வரியை விட்டு அசைய வேண்டியதில்லை. இருபுறமும் ஓரத்தில் மட்டும் இருந்தால் ஒவ்வொரு வரி முடிவிலும் கை விலகும். ஒரு நூலை முடிக்க அந்த விசையை ஆயிரக்கணக்கான முறை அழுத்துவீர்கள். ஹெல்ப் டெக் நிறுவனத்தின் ஆக்டிவ் பிரெயில் கருவியில் வாசிக்கும் விரல் எங்கே இருக்கிறது என்பதை உணர்ந்து, விரல் வரி முடிவை அடைந்ததும் தானாகவே அடுத்த வரியைக் காட்டும் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு செல்லுக்கும் மேலே ஒரு சிறு பொத்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிழையான எழுத்துக்கு மேலுள்ள பொத்தானை அழுத்தினால் கர்சர் நேரே அங்கே வந்து நிற்கும். அம்புக்குறியைத் தட்டித் தட்டிப் போக வேண்டாம். பேச்சொலி மட்டும் கேட்டு வேலை செய்பவர்களுக்கு நான் பிரெயிலைப் பரிந்துரைப்பதற்கு இந்தப் பொத்தான்களே பாதிக் காரணம்.

இணைப்பு விஷயத்தில் அதிகம் சொல்வதற்கில்லை. ஜாஸ், என்விடிஏ, வாய்ஸ்ஓவர், டாக்பேக் ஆகிய திரை வாசிப்பான்கள் எல்லாமே பிரெயில் டிஸ்ப்ளேக்களை ஆதரிக்கின்றன. 2018-ல் யுஎஸ்பி வழி பிரெயில் டிஸ்ப்ளேக்களுக்கெனப் பொதுவான ஹெச்ஐடி தரம் (விசைப்பலகை, மவுஸ் போன்றவை கணினியோடு பேசும் முறை) அறிவிக்கப்பட்டது; அதைப் பின்பற்றும் கருவிக்குத் தனி டிரைவர் தேடி அலைய வேண்டியதில்லை, நிறுவனக் கணினியில் மென்பொருள் நிறுவ அனுமதி இல்லாதவர்களுக்கு இது பெரிய நிம்மதி. மடிக்கணினியோடு யுஎஸ்பியிலும் கைபேசியோடு புளூடூத்திலும் ஒரே நேரத்தில் இணைந்திருந்து, ஒரு விசையில் மாறிக்கொள்ள முடிகிறதா என்பதை மட்டும் நேரில் செய்து பாருங்கள். உங்களைப் போல ஒன்றையே இரண்டு இடத்திலும் பயன்படுத்துபவருக்கு அது தவிர்க்க முடியாத வசதி.

புள்ளியின் தன்மையை எந்த விளக்கக் குறிப்பும் சொல்லாது. ஆர்பிட் ரீடர் 20 வேறொரு முறையில் இயங்குவதால் அதன் புள்ளிகள் அழுத்தினாலும் தாழாமல் உறுதியாக நிற்கும், ஆனால் வரி மாறுவதற்குச் சற்று நேரமும் ஓசையும் ஆகும். அமைதியான கூட்டத்தில் அந்த ஓசை உங்களுக்குக் கூச்சம் தருமா என்பது உங்கள் மனப்பாங்கைப் பொறுத்தது. பல வரிகளைக் காட்டும் கருவிகளும் வந்துவிட்டன: கனூட் 360 கருவியில் 40 செல் வரிகள் ஒன்பது, மோனார்க் கருவியில் 32 செல் வரிகள் பத்து. கணக்குக்கும் அட்டவணைக்கும் அவை அருமையானவை என்றாலும், பையில் போட்டு எடுத்துச் செல்லும் முதல் கருவியாக இரண்டையும் நான் சொல்ல மாட்டேன்.

கடைசியாகப் பழுது. என் 40 செல் கருவியில் ஒருநாள் இடமிருந்து ஐந்தாவது செல்லின் 2ஆம் புள்ளி எழாமல் நின்றுவிட்டது. எழுத்துகளில் என்றால் சொல் குலைந்து உடனே சந்தேகம் வந்திருக்கும். எண்களில் அப்படி இல்லை: 2ஆம் புள்ளி போனால் 2 என்பது 1 ஆகவும், 6 என்பது 3 ஆகவும், 7 என்பது 4 ஆகவும், 8 என்பது 5 ஆகவும் எந்த உறுத்தலுமின்றி மாறிவிடும். 27ஆம் தேதிக் கூட்டத்துக்கு 24ஆம் தேதியே போய் உட்கார்ந்திருந்தேன். விற்றவர்கள் ஒரு செல்லை மட்டும் மாற்றித் தரலாம் என்று வாங்கும்போது சொல்லியிருந்தார்கள். கருவி திரும்பி வர ஐந்து வாரம் ஆனது, அதுவரை மாற்றுக் கருவியும் கிடைக்கவில்லை. ஆகவே பழுதுபார்ப்பு எங்கே நடக்கும், எத்தனை நாள் ஆகும், இடையில் கருவி தருவார்களா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு பணம் கொடுங்கள். விரலின் எண்ணெயும் தூசியும் புள்ளிகளைச் சிக்க வைப்பவை. கையைக் கழுவித் துடைத்துவிட்டே வாசிக்க உட்காருங்கள். ஆறு புள்ளிகளும் எழும் குறியால் நிரப்பிய 40 செல் வரி ஒன்றை நான் கோப்பாக வைத்திருக்கிறேன். காலையில் மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன் அதன்மேல் ஒருமுறை விரலை ஓட்டிப் பார்த்துவிடுகிறேன்.