அந்த 35-ஐ அழிக்காதீர்கள்

கேள்வி: மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குத் திங்கட்கிழமையே வாரம் முழுவதற்குமான வீட்டுப்பாடத் தாள் வந்துவிடுகிறது. பத்துச் சொற்கள், நாளுக்கு ஐந்து கழித்தல் கணக்குகள், ஒரு பக்கம் வாசிப்பு, வெள்ளியன்று சொல்வதெழுதுதல். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிழைகளைத் திருத்திக்கொண்டே வந்தால் அன்றன்றைய பாடம் அரைமணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இன்னும் கூடுதலாகக் கொடுக்கச் சொல்லி ஆசிரியையிடம் கேட்கலாமா?

பதில்: கேட்காதீர்கள். மூன்றாம் வகுப்புக்கு அரைமணி நேரம் தாராளம். முதல் வகுப்புக்குப் பத்து நிமிடம், மூன்றாம் வகுப்புக்கு முப்பது என்று, வகுப்புக்குப் பத்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டு போகும் கணக்கு ஒன்று ஆசிரியர்களிடம் உண்டு. வீட்டுப்பாடம் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி அமெரிக்க உளவியலாளர் ஹாரிஸ் கூப்பர் குழுவினர் 2006-இல் வெளியிட்ட கட்டுரையிலும், மேல் வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் இருந்த தொடர்பு தொடக்க வகுப்புகளில் மிக மெலிந்தே காணப்பட்டது. அதுவும், நீங்கள் சொல்லும் அரைமணி உங்கள் கையும் சேர்ந்த அரைமணி. அவளே செய்தால் முக்கால் மணி ஆகலாம்.

என்னை உறுத்தியது 'திருத்திக்கொண்டே' என்ற சொல்தான். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் குழந்தைகள் ஏராளம். கவனக்குறைவால் வரும் விடையன்று அது. இரண்டில் ஏழு போகாது. ஆகவே ஏழில் இரண்டைக் கழித்து ஐந்து என்று போடுகிறது குழந்தை. பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று முன்பு கற்றதை அப்படியே நம்பி, யோசித்துச் செய்த கணக்கு. அந்த 35-ஐப் பார்த்ததும், பத்தைக் கடன் வாங்குவது இவளுக்குப் புரியவில்லை என்று ஆசிரியைக்குத் தெரிந்துவிடும். மறுநாள் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டை அவள் கையாலேயே அவிழ்க்கச் செய்வார். நீங்கள் ரப்பரால் அழித்து 25 என்று எழுத வைத்தால் நோட்டில் சரிக்குறி விழும். வகுப்பு மூன்று இலக்கக் கழித்தலுக்குப் போய்விடும், உங்கள் மகள் இங்கேயே நின்றுவிடுவாள். அவளுக்கு வர வேண்டிய உதவியை வழியிலேயே தடுத்துவிடுகிறீர்கள், அம்மா.

சொற்களை ஒவ்வொன்றும் பத்து முறை என்று வியாழன் இரவு எழுத வைக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், அதையும் விடுங்கள். பத்தாவது முறை எழுதும்போது கை மட்டுமே வேலை செய்கிறது. ஒரே மூச்சில் உருப்போடுவதைவிட நாட்களுக்கிடையே பிரித்துப் படிப்பது மேல் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்து 1885-இலேயே எழுதிவிட்டார். திங்களன்று பார்த்து, மூடி, நினைவிலிருந்து ஒருமுறை எழுதட்டும். புதனன்று தவறியவற்றை மட்டும். வியாழனன்று எல்லாவற்றையும் இன்னொரு முறை. நாளுக்கு ஐந்து நிமிடம் போதும்.

வாசிப்பில் அவள் உரக்கப் படிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். தடுமாறும் சொல்லை உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள்.

முப்பது நிமிடம் ஆனதும், முடியாமல் இருந்தாலும், நோட்டை மூடிவிடுங்கள். 'அவளே செய்தது இவ்வளவு. நான்காவது கணக்கில் நின்றுவிட்டாள்' என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். ஆசிரியை அதற்கு என்ன செய்தார் என்பதை எனக்கும் எழுதுங்கள்.