புகையான் சாகவில்லையா? மருந்து எதிர்ப்பு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: இமிடாகுளோபிரிட் பூச்சிமருந்து அடித்தும், நெல்லில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி குறையவில்லை. எதிர்ப்புத்திறன் வந்துவிட்டதா?

பதில்: முதலில், மருந்து தூரில் பட்டதா என்று பாருங்கள். புகையான் இருப்பது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. பயிரின் தலையில் தெளித்தது அங்கே போய்ச் சேராது. தூர் நனைய அடித்தும் பிழைத்தால் பூச்சியைச் சோதிக்க வேண்டும். அளவை மட்டும் கூட்டாதீர்கள். தாங்கும் பூச்சிதான் மிஞ்சிப் பெருகும்.

கேள்வி: எப்படிச் சோதிப்பது?

பதில்: வயலில் பல இடங்களில் பிடித்த பூச்சிகளை மருந்து படாத நாற்றில் ஒரு தலைமுறை வளர்த்து, மூன்றாம் பருவக் குஞ்சுகளை எடுங்கள். நெல் தண்டுகளை வெவ்வேறு அடர்வுக் கரைசல்களில் 30 நொடி முக்கி, உலர்த்தி, வேரில் ஈரப்பஞ்சு சுற்றிக் குவளையில் வைத்துக் குஞ்சுகளை விடுங்கள். வெறும் தண்ணீரில் முக்கிய தண்டும் கட்டாயம் வேண்டும். அதிலேயே 20 சதவீதத்துக்கு மேல் செத்தால் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இமிடாகுளோபிரிட்டுக்கு நான்காம் நாள் எண்ணலாம். பியூப்ரோபெசின் என்ற மருந்து பூச்சி தோலுரிக்கும்போதுதான் கொல்லும், அதற்கு இன்னும் பொறுக்க வேண்டும். இரண்டாம் நாளே எண்ணி மருந்து தோற்றது என்று எழுதுவது பெரிய தவறு. பாதிப் பூச்சிகளைக் கொல்லும் அடர்வைக் கணக்கிட்டு, மருந்தே படாத ஆய்வகப் பூச்சியின் அடர்வால் வகுத்தால் எதிர்ப்பு எத்தனை மடங்கு என்று வரும்.

கேள்வி: ஒரே அடர்வில் சோதிப்பது குறுக்குவழிதானே?

பதில்: இல்லை. எதிர்ப்பு அரிதாக இருக்கும்போதே பிடிக்க அதுதான் நல்ல வழி. எதிர்ப்பில்லாத பூச்சியைக் கொன்றுவிடும் ஒரே அடர்வில் எல்லாப் பூச்சிகளையும் செலவிடுகிறோம், பிழைப்பது எதிர்ப்புள்ளது.

கேள்வி: 30 பூச்சியும் செத்தால் எதிர்ப்பு இல்லை என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் அறிக்கை எழுதுகிறார்கள்.

பதில்: அங்கேதான் கோளாறு, முறையில் அல்ல, எண்ணிக்கையில். நூற்றில் ஒரு பூச்சி எதிர்ப்புள்ளது என்றால், 30 பூச்சியில் ஒன்றுகூட அகப்படாமல் போக 74 சதவீத வாய்ப்பு. 300 பூச்சி வைத்தால் அது 5 சதவீதமாகிறது. பல அடர்வுகளில் எத்தனை சாகிறது என்று முழு வளைகோடு வரைந்தாலும் அந்த ஒரு சதவீதம் தெரியாது. எதிர்ப்பில்லாத பூச்சி எந்த அடர்வில் சாகும் என்ற அடிப்படை அளவை முதலில் நிறுவ மட்டும் வளைகோடு அவசியம்.

கேள்வி: இரண்டு மடங்கு அடித்தால்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். வேண்டாம்.

கேள்வி: இமிடாகுளோபிரிட்டுக்குப் பதில் தயாமெத்தாக்சம்?

பதில்: இரண்டும் 4ஏ குழு, அதாவது பூச்சியை ஒரே விதமாகக் கொல்லும் மருந்துகள். குழு எண்ணைப் பாருங்கள், பெயரை அல்ல.

கேள்வி: களைக்கொல்லி எதிர்ப்பு?

பதில்: களை ஆய்வாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: கொஞ்சம் கூடுதலாக, ஒன்றரை மடங்கு?

பதில்: அதுவும் வேண்டாம். பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்தும் வேண்டாம், புகையானைத் தின்னும் சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் அதில் முதலில் செத்துப்போகும்.