அணியை அதே இடத்தில் சுழற்றும் செயற்கூறு: ஏழு உறுப்புகளில் சரியாக வந்தது ஏன் போதாது?

இரவுப் பணி முறைப்பட்டியலுக்காக, முழு எண் அணி (வரிசையாக அடுக்கிய மதிப்புகளின் தொகுப்பு, array) ஒன்றை, இன்னோர் அணியை உருவாக்காமல் வலப்பக்கமாகச் சுழற்றும் துணைச் செயற்கூறு (function) ஒன்றை ஜாவா நிரல்மொழியில் எழுதியிருக்கிறீர்கள்; கடைசியிலிருந்து விழும் உறுப்புகள் முன்னால் வந்து சேரவேண்டும். ஏழு உறுப்புகளைக் கொண்டு எந்த எண்ணிக்கையில் நகர்த்தினாலும் விடை சரியாக வருகிறது, இதை அப்படியே சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மதிப்பாய்வுக்கு என்னிடம் வந்திருந்தால் இதைத் திருப்பி அனுப்பியிருப்பேன். காரணம், அந்த ஏழுதான்.

உங்கள் நிரல் முதல் உறுப்பைக் கையில் எடுத்து, அது போய்ச் சேரவேண்டிய இடத்தில் வைக்கிறது. அங்கிருந்த உறுப்பை எடுத்து அதற்குரிய இடத்துக்கு அனுப்புகிறது. இப்படியே போய், புறப்பட்ட இடத்துக்குத் திரும்பியதும் நின்றுவிடுகிறது. ஏழு பகா எண் என்பதால், எத்தனை இடம் நகர்த்தினாலும் (ஏழின் மடங்குகளைத் தவிர்த்து) அந்த ஒரே சுற்றில் எல்லா உறுப்புகளும் அகப்பட்டுவிடுகின்றன. ஆறு உறுப்புகளை எடுத்துக்கொண்டால் கதை மாறிவிடும். சென்னையில் மின்சார ரயிலில் போய்வருபவர்களுக்கு மனப்பாடமான வரிசையையே வைத்துப் பார்ப்போம்: கடற்கரை, கோட்டை, பூங்கா, எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம். இதை இரண்டு இடம் வலப்பக்கம் நகர்த்தினால் சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கடற்கரை, கோட்டை, பூங்கா, எழும்பூர் என்று வரவேண்டும். உங்கள் நிரலோ கடற்கரையைப் பூங்காவின் இடத்தில் வைத்து, பூங்காவைச் சேத்துப்பட்டின் இடத்தில் வைத்து, சேத்துப்பட்டை முதல் இடத்தில் வைத்ததும் வேலை முடிந்தது என்று நின்றுவிடும். கோட்டை, எழும்பூர், நுங்கம்பாக்கம் மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. எந்தப் பெயரும் தொலையாது, இரட்டிக்காது. வெறும் வரிசை மட்டும் குலைந்திருக்கும் என்பதால், முறைப்பட்டியலில் யாராவது தொடர்ந்து இரவுப் பணியில் மாட்டிக்கொண்டு குறைகூறும் வரை இது வெளியே தெரியாது.

அணியின் நீளத்துக்கும் நகர்த்தும் எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி எவ்வளவோ, அத்தனை தனித்தனிச் சுற்றுகள் உண்டு. ஆறுக்கும் இரண்டுக்கும் அது இரண்டு. அந்தக் காரணியைக் கணக்கிட்டு அத்தனை முறை சுற்றலாம். அதைவிட எளிய வழி, இதுவரை எத்தனை உறுப்புகளை நகர்த்தினோம் என்று எண்ணிக்கொண்டே வந்து, அது நீளத்தை எட்டும்வரை ஒவ்வொரு சுற்றையும் அடுத்த இடத்திலிருந்து தொடங்குவது. ஜாவாவின் கலெக்‌ஷன்ஸ் வகுப்பிலுள்ள ரொட்டேட் செயற்கூறு, அர்ரேலிஸ்ட் போன்ற பட்டியல்களுக்கு இப்படித்தான் செய்கிறது.

ஆனாலும் உங்கள் இடத்தில் நான் இருந்தால் சுற்று முறையையே விட்டுவிட்டு, மூன்று முறை திருப்பிப் போடும் முறைக்கு மாறிவிடுவேன். மேற்சொன்ன ஆறு நிலையங்களையும் முழுவதுமாகத் திருப்பினால் நுங்கம்பாக்கம் முதலிலும் கடற்கரை கடைசியிலும் வரும்; பிறகு முதல் இரண்டை மட்டும் திருப்பினால் சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம் என்றாகும்; மிச்சமுள்ள நான்கைத் திருப்பினால் கடற்கரை, கோட்டை, பூங்கா, எழும்பூர் என்று தன் வரிசைக்கு வந்துவிடும். சுற்று முறையில் ஒவ்வோர் உறுப்பும் ஒரே முறைதான் நகர்கிறது, இதில் ஏறக்குறைய இரண்டு முறை நகர்கிறது என்பது உண்மை. ஆனால் சுற்று முறை நினைவகத்தில் அங்குமிங்கும் தாவுகிறது, திருப்பும் முறை அடுத்தடுத்த இடங்களையே தொடுகிறது. பெரிய அணிகளில் இந்த வேறுபாடே அந்த மிச்சத்தை விழுங்கிவிடக்கூடும். வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஆறு மாதம் கழித்து இதைத் திறந்து பார்ப்பவருக்கு ஒரே வாசிப்பில் புரியும் என்பது.

முறை எதுவானாலும், நகர்த்தும் எண்ணிக்கையைச் செயற்கூறின் தொடக்கத்திலேயே நீளத்துக்குள் அடக்கிவிட வேண்டும். இதற்கு நீளத்தால் வகுத்து மீதி காண்பதே வழி; ஆனால் ஜாவாவில் மீதி காணும் % குறி எதிர்ம எண்ணுக்கு எதிர்ம மீதியைத் தரும். –1 % 6 என்பது –1 தான், 5 அன்று. எனவே யாராவது இடப்பக்கம் நகர்த்த நினைத்து –1 என்று அனுப்பினால், அணிக்கு வெளியே கை நீட்டி உங்கள் நிரல் விழுந்துவிடும். எதிர்ம எண்ணின் குறியை மாற்றிச் சமாளிக்கலாம் என்றால், இன்ட் (ஜாவாவின் முழு எண்) வகையின் மிகச் சிறிய எண்ணுக்குக் குறியை மாற்றினாலும் அது எதிர்மமாகவே இருக்கும். ஜாவா 8 முதல் மேத் வகுப்பில் உள்ள ஃப்ளோர்மாட் செயற்கூறைப் பயன்படுத்தினால், நேர்ம நீளத்துக்கு மீதி எதிர்மமாக வராது என்பதால், இந்தத் தொல்லை இல்லை. அதற்கும் முன்பாக, நீளம் பூஜ்யமா என்று பார்த்து வெளியேறிவிடுங்கள். இல்லாவிட்டால் வெற்று அணி வந்ததும் பூஜ்யத்தால் வகுத்த பிழைதான் கிடைக்கும்.

இருக்கும் நூலகச் செயற்கூறையே அழைத்தால் என்ன என்று யாராவது கேட்பார்கள். பெயர்களை வைத்திருக்கும் ஸ்ட்ரிங் அணி என்றால் அது நல்ல யோசனை: அதை அர்ரேஸ்.ஆஸ்லிஸ்ட் வழியாகப் பட்டியலாக்கிக் கலெக்‌ஷன்ஸ்.ரொட்டேட்டுக்குக் கொடுத்தால் மூல அணியே சுழலும். உங்களுடையது இன்ட் அணி. அதை அப்படிக் கொடுத்தால் முழு அணியும் ஒரே உறுப்பாகக் கருதப்பட்டு, ஓர் உறுப்புப் பட்டியலாகிவிடும். அதைச் சுழற்றினாலும் சுழற்றாவிட்டாலும் ஒன்றுதான். நிரல் சத்தமில்லாமல் ஓடி முடியும், எதுவும் நடந்திருக்காது.

சோதனையை இப்படி மாற்றுங்கள்: நீளம் 0 முதல் 12 வரை, நகர்வு –25 முதல் 25 வரை எல்லாச் சேர்க்கைகளையும் ஓட்டி, தனி அணியில் நேரடியாக எழுதிப் பெற்ற விடையோடு ஒப்பிடுங்கள். உறுப்புகள் எல்லாம் வெவ்வேறாக இருக்கட்டும். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால், இடம் மாறிய உறுப்பு சரியானதைப் போலவே தோன்றிவிடும். செயற்கூறின் பெயரிலும் திசை தெரியட்டும், ஏனெனில் ஜாவாவின் ரொட்டேட் நேர்ம எண்ணுக்கு வலப்பக்கம் நகர்த்துகிறது, ரூபி நிரல்மொழியின் ரொட்டேட் இடப்பக்கம் நகர்த்துகிறது.

இத்தனையும், அந்த அணியை வேறு செயற்கூறுகளும் நேரடியாகப் படிக்கின்றன என்றால்தான் தேவை. முறைப்பட்டியலை ஒரே ஓர் இடத்தில்தான் வாசிக்கிறீர்கள் என்றால், இந்த வாரம் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்ற ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, படிக்கும்போது அதைக் கூட்டி நீளத்தால் மீதி கண்டால் போதும். அணியைத் தொடவே வேண்டியதில்லை.